கூரை போடாத வீட்டுக்கு செட் விற்காதவள்

“நீ படிச்சவதான், இல்லேங்கல. ஆனா உன் வீட்ட நீ ஒருநாளாவது பாத்திருக்கியாடி?”

ஹட்டன் கடைவீதியில், ஒரு மின்சாதனக் கடையின் நடுவில், வேறு இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே விற்பனைக்கு நிற்கிற என் பள்ளித் தோழி என்னிடம் இப்படிக் கேட்டாள். நான் பட்டதாரி ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் தன் பெயருக்கு மேல் ஒரு வரி எழுதத் தெரிந்த முதல் ஆள். பிறந்தது அந்த வீட்டில், படித்தது அந்த வீட்டின் ஒற்றை பல்புக்குக் கீழே, பட்டமளிப்புப் படம் மாட்டியிருப்பதும் அந்த வீட்டுச் சுவரில். என்னைப் பார்த்து வீட்டைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் கோபம் வராதா? வந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்துக்குள் நான் அவளிடம் ஒரு பொய் சொல்லிப் பிடிபட்டிருந்தேன்.

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் என்ன விளம்பரம் என்று கேட்பாள்.

எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான்: “அது எங்க இருக்கு?” ரேடியோ கரகரக்கிறதா, எங்க இருக்கு. ஃபிரிட்ஜ் உறுமுகிறதா, எங்க இருக்கு. என்ன கம்பெனி, எப்போது வாங்கியது என்பதெல்லாம் பிறகு. டிவி வந்த அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, சுவெட்டர் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டுதான் இந்த விசாரணை நடக்கும். கேட்கும்போது ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டாள். தோளுக்குப் பின்னால், கடை வாசலுக்கு அப்பால் பார்ப்பாள். அந்த ஆளின் வீடு அங்கே வந்து நிற்கிறது போலவும் அவள் அதற்குள் நடந்துபோகிறது போலவும் இருக்கும்.

ஒருநாள் நான் கடையில் நின்றபோது லிந்துலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் ரேடியோவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். பகலில் நன்றாகப் பாடுகிறதாம், பொழுதுபட்டால் ஒரே இரைச்சலாம்.

“எங்க வச்சிருக்கீங்க?”

“அலுமாரிக்கு மேல.”

“பக்கத்துல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. சாமி படந்தான்.”

“படத்துக்கு லைட்டு போட்டிருக்கீங்களா? மின்னி மின்னி எரியிற லைட்டு?”

“ஆமா. பொழுதுபட்டா போடுவோம்.”

“அந்த லைட்டுதான். அத அணைச்சிட்டு ரேடியோவக் கேட்டுப் பாருங்க.”

பெரியவருக்கு முகம் மாறிவிட்டது. “சாமிய அணைக்கச் சொல்றியா நீ?”

“சாமிய ஏன் தாத்தா அணைக்கணும்? சாமி அங்கனயே இருக்கட்டும். ரேடியோவ ஜன்னல் பக்கம் கொண்டுபோங்க.”

ரேடியோவை அவள் திறக்கவே இல்லை. பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போனார். முதலாளி மேசையிலிருந்து தலையைத் தூக்கி, “நீ விக்க வந்தியா, விசாரிக்க வந்தியா?” என்றார். இதை அவர் வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவார். ஆனாலும் அவளை நிறுத்தவில்லை. அந்தப் பெரியவர் அடுத்த பொங்கலுக்கு மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு டிவி வாங்க எந்தக் கடைக்கு வருவார் என்று முதலாளிக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்திலும் அவள் இப்படித்தான். கொட்டகலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பத்தாம் தரத்தில் ஒருநாள் விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் பழைய திசைகாட்டிகள் பத்தை மேசையில் பரப்பினார். பத்தும் பத்துப் பக்கம் வடக்கு என்றன. “இதெல்லாம் பழுதாப்போச்சு. புத்தகத்துல இருக்குற படத்தப் பாத்து வரைங்க” என்றார். நான் வரையத் தொடங்கிவிட்டேன். முள்ளுக்கு நிழல்கூடப் போட்டேன். அவள் எழும்பி நின்றாள்.

“இத எங்க சேர் வச்சிருந்தீங்க?”

“அலுமாரியில.”

“கூட என்ன சேர் இருந்துச்சு?”

சேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “காந்தம்” என்றார்.

வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. அந்த வருடம் விஞ்ஞானத்துக்கான பரிசு எனக்குக் கிடைத்தது. அவள் பதினோராவதாக வந்தாள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக்கொண்டு கடை வேலைக்குப் போய்விட்டாள். படிக்கிற பிள்ளை படிக்கும், கேள்வி கேட்கிற பிள்ளை நின்றுவிடும் என்று நான் அப்போது நினைத்தேன். அதில் ஏதோ இடிக்கிறது என்று தோன்ற எனக்கு ஒரு பட்டம் வாங்கி முடிக்கும் அளவுக்குக் காலம் பிடித்தது.

அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு கடையில் மேற்பார்வை வேலை என்றார் தரகர். வீட்டில் எல்லோரும் சம்பளத்தைக் கேட்டார்கள். அவள் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். சொன்னதைத் தாளில் குறித்துக்கொண்டு, ஒரு லீவு நாளில் காலை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“கடை இருக்கு, ஆளும் இருக்காரு. நல்ல மனுசந்தான், டீ வாங்கிக் குடுத்தாரு. ஆனா அவர் தங்கியிருக்குற ரூம்ல ஜன்னல் இல்ல. ஏன் இல்லன்னு கேட்டேன். இல்லைங்கிறதே அவருக்கு நான் சொல்லித்தான் தெரியுது” என்றாள்.

சம்பந்தம் நின்றது. அவளுடைய அம்மா கடைக்கே வந்து, என்னைக் கண்டதும் பக்கத்தில் உட்காரவைத்து மூக்கைச் சிந்தினார். “நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. ஜன்னலையா இவ கட்டிக்கிட்டு வாழப்போறா?”

நான் அவருக்காகத் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கு அவளை நினைத்துக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பத்து வருடப் பழக்கத்தில் அவளை நான் ஒருநாளும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அவள் என் தோளுக்குப் பின்னால் பார்க்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் நகர்ந்து மறைத்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் வீடு கொட்டகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றாக இருக்கிறது. முன்னால் இஸ்தோப்பு, அதாவது ஒடுங்கிய வராந்தா. அடுத்து ஒரு காம்பரா, இருக்கிற ஒரே அறை. அதற்குப் பின்னால் சமைக்கிற குசினி. அவ்வளவுதான். அம்மா, அப்பா, நான்.

எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்த வருடம், ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து ஒரு ஹோம் தியேட்டர் செட் வாங்கினேன். சத்தத்தைப் பெருக்கிப் பிரித்துக்கொடுக்கிற ஒரு ரிசீவர், ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி. மலிவான செட்தான், ஆனால் எங்கள் லயத்தில் அதுதான் முதல். விளக்கப் புத்தகம் தொலைந்துபோயிருந்தது. ஸ்பீக்கர்களின் முதுகில் மட்டும் ஆங்கிலத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நானே ஸ்டூலில் ஏறி எல்லாவற்றையும் மாட்டினேன். அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, லயத்துக்கே கேட்கிற மாதிரி, “எல்லாம் இங்கிலீசுல இருக்கு, இவளே படிச்சிப் பூட்டுறா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிவியின் சொந்தச் சத்தத்தையும் நிறுத்திவிட்டேன். இரண்டு சத்தமும் கலந்தால் நன்றாக இருக்காது என்று வாசித்திருந்தேன்.

அதே வருடம்தான் அப்பா தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றார். முப்பது வருடம் கொழுந்து அரைக்கிற ரோலர் இயந்திரங்களுக்கு நடுவில் நின்றவர். செட் வந்த சில நாளில் அவர் படம் பார்ப்பது ஒரு மாதிரியாக மாறியது. திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்தால் சிரிப்பார், ஒரு கணம் பிந்தி. “என்ன சொல்றான்?” என்று கேட்பார். நான் சொல்லுவேன். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். “ரோலர் சத்தம் காதத் தின்னுடுச்சு” என்று சொல்லி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு மட்டும் நேர்மாறு. குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டே படத்தின் கதை முழுவதையும் சொல்லுவார். அம்மாவுக்குப் பாம்புக் காது என்று நாங்கள் சிரிப்போம்.

இது படத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்பா எங்கள் தோட்டக் கமிட்டியின் தலைவர். பின்னேரமானால் ஆட்கள் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணிக் குழாய், ஒழுகுகிற தகரம், கோயில் வேலை, தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் சொல்ல வேண்டிய முறைப்பாடு. தலைவருக்கு வேலையே காது கொடுப்பதுதான். தனக்குக் காது போய்விட்டது என்று அப்பா முடிவுசெய்த பிறகு ஒவ்வொருவரிடமும் இரண்டாம் தரம் கேட்கத் தொடங்கினார். இரண்டாம் தரம் கேட்கிற ஆளிடம் சனங்கள் கத்திப் பேசுவார்கள். கத்திப் பேச வெட்கப்படுகிற விசயங்களை யாரும் கொண்டுவரவில்லை.

கடைசியில் அப்பா என்னிடம் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். “எனது செவிப்புலன் குறைபாடு காரணமாக இப்பொறுப்பைத் தொடர்ந்து ஆற்ற இயலாதுள்ளது.” நல்ல வாக்கியம். அப்பா மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நல்லா எழுதியிருக்க” என்றார். கையெழுத்துப் போட்டு கமிட்டிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதை வாசிப்பதாக இருந்தது.

எனக்கு இருந்தது ஒரே யோசனைதான். வீட்டுக்குள் ஒரு படத்தையாவது அப்பா முழுதாகக் கேட்டுவிட்டால் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிவிடுவார். அதற்கு செட்டைப் பெரிதாக்க வேண்டும். ரிசீவரையும் ஸ்பீக்கர்களையும் ஒன்றாக மாற்ற என்னால் முடியாது, ஒன்றைத்தான் மாற்றலாம். போனில் வாசித்தேன். ரிசீவரில் சக்தி இல்லாவிட்டால் என்ன ஸ்பீக்கர் போட்டும் பயனில்லை என்றார்கள் சிலர். சத்தம் போடுவது ஸ்பீக்கர்தானே, அதை முதலில் மாற்று என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். ரிசீவர் என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவளுடைய கடைக்குப் போனேன்.

“அப்பாவுக்கு ரெண்டு வருசமா படத்துல பேச்சே பிடிபடல. ரிசீவரா, ஸ்பீக்கரா? எத முதல்ல மாத்தணும்?”

“எங்க இருக்கு?”

“ஹோல்ல.”

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். “ஹோல் எத்தன அடி?”

“பதினெட்டுக்குப் பன்னிரண்டு.”

“கதவு?”

“ரெண்டு. ஒண்ணு முன்னால, ஒண்ணு சாப்பாட்டு ரூமுக்கு.”

“ஜன்னல்?”

“மூணு.”

“மேல வெறும் தகரமா, சீலிங் அடிச்சிருக்கா?”

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. “இன்னும் போடல” என்று வாயில் வந்துவிட்டது.

“எது, சீலிங்கா?”

“கூரை.”

பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் முழுப் பொய் சொல்லவில்லை. லயத்துக்கு மேலே, மேட்டில், எங்களுக்குத் தனி வீட்டுக்கு ஏழு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி கிடைத்து அத்திவாரமும் போட்டிருந்தது. அத்திவாரத்தில் ஹோல் என்கிற முன்கூடம் பதினெட்டுக்குப் பன்னிரண்டுதான். அதில் இப்போது புல் முளைத்து, யாரோ ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் இந்தத் தவறைச் செய்யாதவர்கள் குறைவு. கட்டில் வாங்கினாலும் திரைச்சீலை வாங்கினாலும் அளவு கேட்டால் அத்திவாரத்தின் அளவைத்தான் சொல்லுவோம். காம்பராவுக்குள் நுழையாத கட்டில்கள் எத்தனையோ லயங்களின் இஸ்தோப்பில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கின்றன.

“கூரை போடாத வீட்டுக்கு நான் செட்டு விக்க மாட்டேன் டீச்சரம்மா” என்றாள். “இப்ப இருக்குற செட்டு இப்ப எங்க இருக்கு?”

“லயத்துல.”

“அத மொதல்ல சொல்றதுக்கென்ன? நானும் லயந்தான்.”

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள், வீட்டைப் பார்த்திருக்கிறாயா என்று. கேட்டுவிட்டு என் குறிப்புத் தாளை இரண்டாக மடித்து என் கைப்பையிலேயே செருகினாள். “சனிக்கிழம எனக்கு அரை நாள். வர்றேன். ரொட்டி சுடச் சொல்லு.”

நான் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து இரவுவரை வீட்டைத் துடைத்தேன். சுவர்க் கறைக்கு மேல் காலண்டர் மாட்டினேன். சனிக்கிழமை அவள் வந்து அதில் எதையும் பார்க்கவில்லை. இஸ்தோப்பில் குடைக் கம்பி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்த அப்பாவிடம், “மாமா, படம் பாக்கும்போது எங்க உக்காருவீங்க?” என்று கேட்டாள். அப்பா காம்பராவில், டிவிக்கு எதிரே, முன்பு தன் நாற்காலி இருந்த இடத்தைக் காட்டினார். அவள் ஒரு ஸ்டூலை அங்கே போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“படத்தப் போடு.”

போட்டேன். மழை, பஸ் நிலையம், அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு நிற்கிறார்கள்.

“இப்ப அவன் என்ன சொன்னான்?”

“நீ இல்லாம நான் போகமாட்டேன்னு” என்றேன்.

“எப்பிடித் தெரியும்?”

“கீழ எழுத்து வருதே.” பென் டிரைவில் வாங்குகிற படங்களுக்கெல்லாம் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். அதை வேகமாக வாசிப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

“கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு பாப்போம்.”

மூடினேன். மழை பெய்தது. பஸ் உறுமியது. வயலின் அழுதது. மனிதக் குரல் மட்டும் வேறு எங்கோ, பக்கத்துக் காம்பராவில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. இரண்டு வருடமாக நான் படம் கேட்கவில்லை, வாசித்துக்கொண்டிருந்தேன்.

குசினியிலிருந்து அம்மா சொன்னார்: “அவ ‘நீ போண்ணே’ங்கிறா. இவன் பஸ்சுல ஏற மாட்டேங்கிறான்.”

அவள் கண்ணைத் திறந்தாள். எழும்பி நேராகக் குசினிக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். விறகடுப்புக்கு மேலே, சுளகுக்கும் காய்ந்த மிளகாய்க்கும் நடுவில், ஆணியில் கரிப்பிடித்து ஒரு ஸ்பீக்கர் தொங்கியது. அதற்குள்ளிருந்து தங்கை தெளிவாக அழுதுகொண்டிருந்தாள்.

“இது என்னடி?”

“சென்டர்.”

“எதுக்கு சென்டர்?”

“வீட்டுக்கு.”

ஸ்டிக்கரில் சென்டர் என்று போட்டிருந்தது. சென்டர் என்றால் நடு. எங்கள் வீட்டின் நடு, காம்பராவுக்கும் குசினிக்கும் இடையிலுள்ள சுவர். காம்பராப் பக்கம் சாமி தட்டு இருந்ததால் குசினிப் பக்கம் மாட்டினேன். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “இது படத்துக்கு சென்டர்டி. டிவிக்கு அடியில இருக்கணும். பேச்செல்லாம் இதுலதான் வரும்” என்றாள். “ரெண்டு வருசமா மாமாவுக்கு மழையக் காட்டிட்டு, வசனத்த அடுப்புக்குக் குடுத்திருக்க.”

நான் தவறு செய்தேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. இந்தத் தவறைச் செய்யவும் ஸ்டிக்கரை ஒருத்தி வாசித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான்தான்.

ஸ்பீக்கரைக் கழற்றித் துணியால் துடைத்து, வயரை இழுத்து, டிவிக்கு அடியில் வைத்தாள். தடிமன் பிடித்து மூக்கடைத்த ஆள் பேசுகிற மாதிரித்தான் சத்தம் வந்தது, ஆனாலும் பேச்சு பேச்சாக வந்தது. அண்ணன்காரன் தங்கையிடம், வழிச்செலவுக்குப் பணம் இருக்கிறது, பயப்படாதே என்கிறான்.

“பொய் சொல்றான். அவன்கிட்ட ஏது?” 

சொன்னது அப்பா. இஸ்தோப்பில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடைக் கம்பியை வளைத்தபடி. அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அம்மா ரொட்டித் தட்டோடு கதவில் அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்கள் மூவரின் பார்வையும் அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். குடையை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடியே படத்தைக் கேட்டார். திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கரிபிடித்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப எனக்கு?” என்றார் அம்மா. “குசினியில ஒண்ணும் கேக்கலியே.”

“ரொட்டிப் பலகையத் தூக்கிக்கிட்டு இங்க வாங்க அத்த. படத்தோட மூஞ்சியையும் பாக்கலாம்” என்றாள் அவள்.

ரொட்டி சாப்பிடும்போது நான் மறுபடி கேட்டேன். எனக்குப் பதில் வேண்டியிருந்தது. “அப்ப ரிசீவர மாத்த வேணாமா?”

“வால்யூம் எத்தனையில வச்சிருக்க?”

“முப்பது.”

“எத்தன வரைக்கும் போகும்?”

“எண்பது.”

“அப்ப அது இன்னும் வேலைக்கே வரல, வீட்டுல மொகம் கழுவிக்கிட்டு நிக்குது. அத ஏன் மாத்தணும்? இந்தக் காம்பராவுக்கு அது கூடிப்போச்சு.” தேங்காய்ச் சம்பலை வழித்துக்கொண்டாள். “மத்த நாலு ஸ்பீக்கரும் நல்லாருக்கு. இந்தப் பேச்சு ஸ்பீக்கர் ஒண்ணுதான் புகையில செத்துக்கிட்டு இருக்கு. இத மட்டும் மாத்து.”

அப்பா என்னிடம் அல்ல, அவளிடம் சொன்னார்: “அப்ப என் காது நல்லாத்தாம்மா இருக்கு.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஆமாம் என்றிருப்பார்கள். நான் சொல்ல வாயெடுத்துவிட்டேன். அவள் அப்பாவின் தோளுக்குப் பின்னால், தொழிற்சாலை இருக்கிற பக்கம் பார்த்தாள்.

“செட்டுல தப்பு இருந்துச்சு மாமா. அதனால காதுல தப்பில்லன்னு ஆயிடாது. முப்பது வருசம் அந்தக் காது எங்க இருந்துச்சு?”

“ரோலர் பக்கத்துல.”

“அப்ப அதையும் ஒருக்கா பாத்துருங்க.”

எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அப்பாவுக்கு வரவில்லை. இரண்டு வருடமாக எல்லோரும் அவரிடம் கத்தினார்கள், அல்லது ஒன்றுமில்லை என்று தட்டிக்கொடுத்தார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் கூட்டத்துக்கு அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேரத்தோடு போனார். செயலாளர் கடிதத்தை எடுத்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். “இது எம் மக எழுதினது. எழுத்துல ஒரு பிழையும் இல்ல. விசயந்தான் இன்னும் சரியாத் தெரியல. காத காட்டிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கத்தாதீங்க, கிட்ட வந்து பேசுங்க.” அன்றைக்குப் பின்னேரம் எங்கள் இஸ்தோப்பில் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, மிகத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியதும் இல்லை.

திங்கட்கிழமை நான் கடைக்குப் போய் ஒரே ஒரு ஸ்பீக்கர் கேட்டேன். கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தாள். பழக்கமான இத்தனை வருடத்தில் அவள் எனக்கு விற்ற ஒரே பொருள் அதுதான். முதலாளியே எழும்பி வந்து பில்லைப் பார்த்தார்.

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். வத்தளைப் பக்கம் கல்யாண மண்டபங்களுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் அமைத்துக்கொடுக்கிற ஒரு குழுவில் வேலை. மண்டபத்தைப் போய்ப் பார்ப்பதற்கே அங்கே சம்பளம் தருகிறார்களாம். போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை. ரயிலிலிருந்து போனில் ஒரு வரி வந்தது: “புது ஸ்பீக்கர் எங்க இருக்கு? போட்டோ அனுப்பு.” அனுப்பினேன். பதில் உடனே வந்தது: “ஒரு சாண் கீழ எறக்கு.” இறக்கினேன். உண்மையிலேயே அது நன்றாகத்தான் இருந்தது.

காது பார்க்கிற கிளினிக்குக்கு நாள் கிடைப்பது லேசில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் போய் வரிசையில் நின்று, அப்பாவின் பெயரில் அட்டை எடுத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை. காது பாதி போயிருக்கிறது என்று சொன்னால் பாதியோடு என்ன செய்யலாம் என்று கேட்போம். ஒன்றுமில்லை என்றால் தலைவர் வேலை காத்திருக்கிறது.

“நீயும் உள்ள வருவியா?” என்று அப்பா கேட்டார்.

“வருவேன்.”

“வா. ஆனா நீ பேசாத. அவங்க கேக்குறத நானே கேட்டு நானே சொல்றேன்.”

சரி என்றேன். இன்று காலை பள்ளிக்கூட அதிபரிடம் லீவுப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் வழக்கமாக எல்லோரும் சொந்த அலுவல் என்று எழுதுவார்கள். நான் “அப்பாவின் காது” என்று எழுதினேன்.